மெரினாவுக்குப் பெயர் வைத்தவர்

மெரினாவில் கண்ணகி சிலையிலிருந்து கலங்கரை விளக்கம் வரைக்கும் ஒரு தடவையாவது நடந்திருப்பீங்க. காலுக்குக் கீழே இருக்கிற அந்த நடைபாதை யார் யோசனை என்று எப்பவாவது யோசிச்சிருக்கீங்களா?

அவர் பெயர் மவுண்ட்ஸ்டூவர்ட் எல்பின்ஸ்டன் கிராண்ட் டஃப். 1829ல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். இவ்வளவு நீளமான பெயர் வந்ததுக்கு ஒரு காரணம் உண்டு. மராட்டியர் வரலாற்றை எழுதிய ஜேம்ஸ் கிராண்ட் டஃப்தான் இவருடைய அப்பா. தன் மேலதிகாரியாக இருந்த பம்பாய் ஆளுநர் எல்பின்ஸ்டன் பெயரையே மகனுக்கு வைத்துவிட்டார்.

மகன் நம்மைப் போல இன்ஜினியரிங் எல்லாம் படிக்கவில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் படித்தார், சட்டம் பயின்றார். 1857லிருந்து 1881 வரை ஒரே தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். நடுவில் சில ஆண்டுகள் லண்டனில் இந்திய விவகாரத் துறையின் துணை அமைச்சர். 1881 நவம்பரில் சென்னை மாகாணத்தின் ஆளுநராக வந்து இறங்கினார்.

வந்த மாதமே ஒரு புயல். கட்டிக்கொண்டிருந்த துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்களைக் கடல் உடைத்துப் போட்டது. சிவில் நண்பர்கள் இந்தச் சுவர்களைக் கொஞ்சம் கவனிங்க. நம்ம கரையோரம் வருஷத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகரும். சுவர் குறுக்கே நின்றதும் அந்த மணல் தெற்குப் பக்கம் தேங்க ஆரம்பித்தது. முன்பு சாலைக்குப் பக்கத்திலேயே இருந்த கடல் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்க, அகலமான மணல்வெளி உருவானது. யாரும் பிளான் போட்டு உருவாக்கிய கடற்கரை இல்லை இது!

அதை ஊருக்குப் பயன்படுத்தலாம் என்று நினைத்தவர்தான் கிராண்ட் டஃப். கடலோரமாக வண்டி போகும் சாலையையும் நடைபாதையையும் 1880களின் நடுவில் சீராக அமைக்கச் செய்தார். முன்பு பார்த்த சிசிலித் தீவின் கடற்கரை ஞாபகம் வர, மெரினா என்று பெயர் வைத்தார். பெயர் ஒட்டிக்கொண்டது.

அப்போ நல்ல மனுஷன்தானே என்று கேட்டால், அன்றைய சென்னைக்காரர்கள் லேசில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். 1882ல் சேலத்தில் கலவரம். அதில் சிக்கவைக்கப்பட்ட வழக்கறிஞர் விஜயராகவாச்சாரியாருக்குப் பத்து ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இவருடைய நிர்வாகத்தை அன்றைய 'இந்து' பத்திரிகை விடாமல் விமர்சித்தது. இவர் ஆட்சிக் காலத்திலேயே 1884ல் சென்னை மகாஜன சபையும், அடுத்த ஆண்டு காங்கிரசும் பிறந்தன. 1886 கடைசியில் ஊர் திரும்பினார். நாட்குறிப்புகளைப் பல தொகுதிகளாக வெளியிட்டார். 1906ல் காலமானார்.

சாலை மட்டும் நின்றது. அதோடு சில கேள்விகளும் நின்றன. தெற்கே தேங்கிய மணல் வடக்கே போய்ச் சேரவில்லை. ராயபுரம், காசிமேடு பக்கம் கடல் கரையை அரித்தது, கல் கொட்டித் தடுக்க வேண்டியதாயிற்று. 1985ல் மெரினாவை அழகுபடுத்துவதற்காகப் படகுகளையும் வலைகளையும் அகற்றப் போனபோது மோதல் வெடித்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மீனவர்கள் உயிரிழந்தார்கள். கலங்கரை விளக்கத்துக்குத் தெற்கே நொச்சிக்குப்பம் வழியாகப் போகும் லூப் சாலையிலும் அதே இழுபறிதான். வண்டிகளுக்கு வழி வேண்டும், வழிவழியாக மீன் விற்பவர்களுக்கு இடம் வேண்டும். 2023ல் இது உயர் நீதிமன்றம் வரைக்கும் போனது.

நாளைக்கு இந்தச் சாலைகளைத் திருத்தி அமைக்கும் வரைபடம் உங்க மேசைக்கும் வரலாம். அகலம், வடிகால், விளக்குக் கம்பம் எல்லாம் அதில் சரியாக இருக்கும். வலை காயப்போடும் இடம் எங்கே, இந்தப் பக்கம் தடுத்த மணல் எந்த ஊர்க் கரையில் குறையும் என்ற இரண்டையும் நீங்கதான் கேட்டு எழுதிக்கணும்.