தொழிலாளர் காப்புக்கு வழிகண்ட அண்ணல் அம்பேத்கர்

நம் சமுதாயத்து இல்லங்களில் அண்ணல் அம்பேத்கரின் திருவுருவப் படம் இல்லாத இல்லம் அரிது. அரசியல் சட்டத்தைக் கையிலேந்தி நிற்கும் அத்தோற்றம் நம் பிள்ளைகள் அனைவரும் அறிந்ததே. நிலக்கரிச் சுரங்கத்தினுள் தாமே இறங்கிச் சென்று தொழிலாளியின் நிலையைக் கண்டறிந்த அம்பேத்கரையோ, ஆலையில் கையிழந்தவனுக்கும் அவன் குடும்பத்திற்கும் என்ன வழி என்று கணக்கிட்ட அம்பேத்கரையோ நம்மில் பலர் அறியார். உடல் உழைப்பையே முதலாகக் கொண்ட சமுதாயம் நம்முடையது. அவ்வுடலுக்கு ஊறு நேர்ந்தால் உழைப்பவனின் உரிமை யாது என்பதை நம் இளைஞர்கள் அறிய வேண்டும். ஆகவே அண்ணலின் வாழ்க்கையை இங்கு அந்நோக்கில் கூற முற்படுகிறோம்.

1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், மத்திய இந்தியாவில் உள்ள மாவ் என்னும் இராணுவக் குடியிருப்பில், சுபேதார் ராம்ஜிக்கும் பீமாபாய்க்கும் மகனாகப் பீமராவ் பிறந்தார். அவர் பிறந்த மகர் குலத்தினர் மகாராட்டிரத்துக் கிராமங்களில் வதன் எனப்பட்ட ஊர்ப்பணி முறையால் கட்டுண்டிருந்தனர். அரசாங்கத்தார்க்கும் ஊரார்க்கும் இரவு பகல் எந்நேரத்திலும் ஏவல் செய்ய வேண்டும். அதற்கு ஈடாகச் சிறு மானிய நிலமும், அறுவடைக் காலத்தில் ஊரார் மனமுவந்து அளக்கும் தானியமுமே கிடைக்கும். வேலைக்கு எல்லை இல்லை. கூலிக்கு உறுதி இல்லை. ஏவல் செய்யும்போது கால் ஒடிந்தால் கேட்பாரும் இல்லை. பிறர் கருணையை நம்பி வாழும் இந்நிலையை அண்ணல் இளமையிலேயே கண்டார். அதனை ஒழிக்க 1928இல் பம்பாய்ச் சட்டசபையில் ஒரு மசோதாவையும் கொண்டுவந்தார். உழைப்பவனுக்குச் சேர வேண்டியது உரிமையாகச் சேர வேண்டும் என்ற அவருடைய கொள்கைக்கு வித்து இங்கேயே ஊன்றப்பட்டது எனலாம்.

ராம்ஜி தம் குடும்பத்துடன் பம்பாய்க்குக் குடிபெயர்ந்து, பரேல் பகுதியில் ஓர் ஒற்றையறை வீட்டில் குடியேறினார். அது பஞ்சாலைத் தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த பகுதி. ஆலைச் சங்கின் ஒலியே அங்கு வாழ்ந்தோர்க்குக் கடிகாரம். பல ஆண்டுகள் அத்தகைய தொழிலாளர் குடியிருப்பிலேயே அண்ணல் வாழ்ந்தார். கற்றதும் அங்கே, பொதுவாழ்வைத் தொடங்கியதும் அங்கே.

அக்காலத்தில் இயந்திரத்தில் சிக்கிக் கை இழந்தவனின் நிலை என்ன? 1855ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்தது. விபத்தில் ஒருவன் இறந்தால், பிறருடைய கவனக்குறைவே அதற்குக் காரணம் என்று மெய்ப்பித்து, அவன் குடும்பத்தார் நீதிமன்றத்தில் வழக்காடி ஈட்டுத்தொகை பெறலாம் என்று அது கூறிற்று. எழுத்தறியாத கைம்பெண் ஆலை முதலாளியை எதிர்த்து வழக்காடுவது எங்ஙனம்? உடன் வேலை செய்த தொழிலாளியின் தவறால் விபத்து நேர்ந்தால் முதலாளி பொறுப்பாகார் என்ற வாதமும் இங்கிலாந்திலிருந்து இந்நாட்டிற்கு வந்திருந்தது. அவ்வாதத்திற்கு இடமில்லாமற் செய்யும் சட்டம் 1938இல்தான் இயற்றப்பட்டது.

பரோடா மன்னரின் உதவி பெற்று 1913இல் அமெரிக்கா சென்ற அண்ணல், கொலம்பியாப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் இலண்டனிலும் பொருளியல் பயின்றார்; பாரிஸ்டர் பட்டமும் பெற்று 1923இல் தாயகம் திரும்பினார். அதே ஆண்டில்தான் இந்தியத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. 1924ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. அதே ஜூலைத் திங்களில்தான், தாழ்த்தப்பட்ட மக்களிடையே கல்வியைப் பரப்பவும் அவர்தம் குறைகளை எடுத்துரைக்கவும் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையை அண்ணல் பம்பாயில் நிறுவினார். சட்டம் ஒரு புறமும் கல்விச் சபை ஒரு புறமும் ஒரே திங்களில் தோன்றியது தற்செயலே. ஆயினும் ஒன்றின்றி மற்றொன்று பயன்தராது என்பதை வரலாறு நமக்குக் காட்டுகிறது.

அச்சட்டத்தின் அமைப்பை நம் இளைஞர்கள் அறிந்துகொள்ளுதல் நலம். வேலையின் காரணமாகவும், வேலை நடைபெறும் காலத்திலும் நேர்ந்த விபத்தில் தொழிலாளி காயமுற்றால் முதலாளி ஈட்டுத்தொகை தர வேண்டும். முதலாளியின் தவறு என்று மெய்ப்பிக்க வேண்டுவதில்லை. இதுவே அச்சட்டத்தின் உயிர்நாடி. கண், கை, விரல் ஆகிய ஒவ்வோர் உறுப்பின் இழப்புக்கும் உழைப்புத் திறனில் இத்தனை விழுக்காடு குறைவு என்று ஓர் அட்டவணை வகுக்கப்பட்டது. வழக்கை விசாரிக்கத் தனியே ஆணையர் நியமிக்கப்பட்டார். தொழிலாளி இறந்தால் 30 மாதக் கூலி அல்லது 2,500 ரூபாய், இவற்றுள் எது குறைவோ அது, அவனை நம்பியிருந்தோர்க்கு உரியதாயிற்று.

இங்கே ஒரு நுட்பத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். ஈட்டுத்தொகை கூலியைக் கொண்டே கணக்கிடப்பட்டது. பம்பாய்ப் பஞ்சாலைகளில் கூலி மிகுதியாகக் கிடைத்த நெசவுப் பிரிவில் தாழ்த்தப்பட்டோர்க்கு இடமில்லை. நூல் தீர்ந்ததும் நாடாவில் புதுக் கண்டை வைத்து, அதன் துளைவழியே நூலை வாயால் உறிஞ்சி இழுப்பது அன்றைய வழக்கம். தீண்டப்படாதவர் வாய்பட்ட நாடாவைத் தொட மற்ற தொழிலாளர் மறுத்தனர். ஆகவே நம் மக்கள் கூலி குறைந்த பிரிவுகளிலேயே நிறுத்தப்பட்டனர். மாதம் 40 ரூபாய் பெற்றவன் இறந்தால் அவன் குடும்பத்திற்கு 1,200 ரூபாய். 20 ரூபாய் பெற்றவன் இறந்தால் 600 ரூபாய். ஆக, உயிரோடிருந்தபோது கூலியைக் குறைத்த சாதி, இறந்த பின்னும் ஈட்டுத்தொகையைப் பாதியாகக் குறைத்தது! 1928ஆம் ஆண்டுப் பஞ்சாலை வேலை நிறுத்தத்தின்போது, நெசவுப் பிரிவின் கதவு தாழ்த்தப்பட்டோர்க்கும் திறக்கப்பட வேண்டும் என்று அண்ணல் வற்புறுத்தியதன் பொருள் இப்போது விளங்கும். முதலாளியையும் எதிர்க்க வேண்டும், உடன் உழைப்போரிடையே உள்ள தீண்டாமையையும் எதிர்க்க வேண்டும் என்பது அவர் கண்ட தெளிவு.

அதே ஆண்டில் பம்பாய்ச் சட்டசபையில் பெண் தொழிலாளர்க்கான மகப்பேற்று உதவி மசோதாவை அவர் ஆதரித்துப் பேசினார். 1936இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தோற்றுவித்தார். பம்பாய் மாநகராட்சித் துப்புரவுத் தொழிலாளர் சங்கத்திற்குத் தலைமை தாங்கினார். வேலை நிறுத்த உரிமையைக் கட்டுப்படுத்தும் மசோதா வந்தபோது, 1938ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் நடைபெற்ற ஒருநாள் வேலை நிறுத்தத்தைப் பொதுவுடைமைத் தோழர்களோடு இணைந்து நடத்தினார்.

1942ஆம் ஆண்டு ஜூலையில் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக அண்ணல் பொறுப்பேற்றார். உலகப் போர் உச்சத்தில் இருந்த காலம் அது. பதவியேற்ற சில நாட்களிலேயே, அரசு, முதலாளி, தொழிலாளி ஆகிய முத்தரப்பினரும் ஒரே மேசையில் அமரும் மாநாட்டைத் தலைமையேற்று நடத்தினார். அவ்வாண்டு டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் கல்கத்தாவில் குண்டு வீசின. ஆலையில் பணிபுரியும்போது வான்வழி வந்த குண்டினால் காயமுற்றவனுக்கு 1923ஆம் ஆண்டுச் சட்டம் துணைசெய்யவில்லை. அது தொழிலின் காரணமாக நேர்ந்த விபத்தாகக் கருதப்படவில்லை. இக்குறையை நீக்க, போர்க்காய ஈட்டுத்தொகைக் காப்பீட்டுச் சட்டம் 1943இல் அவர் பொறுப்பில் நிறைவேறிற்று. அத்தகைய காயங்கட்கும் முதலாளிகளே பொறுப்பேற்று, அதற்கெனக் காப்பீடும் செய்துகொள்ள வேண்டும் என்று அது விதித்தது.

1943 டிசம்பரில் தன்பாத் நிலக்கரி வயலுக்குச் சென்ற அண்ணல் சுரங்கத்தினுள்ளே இறங்கித் தொழில் நடக்கும் முறையைக் கண்டார்; தொழிலாளரின் குடிசைகளையும் பார்வையிட்டார். அடுத்த மாத இறுதியிலேயே நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நலநிதி அவசரச் சட்டம் பிறந்தது. வெட்டியெடுத்து அனுப்பும் நிலக்கரிக்கு வரி விதித்து, அப்பணத்தைத் தொழிலாளர் வீட்டுவசதிக்கும் மருத்துவத்திற்கும் செலவிடும் ஏற்பாடு அது. அந்நிதியைக் கொண்டு பின்னர் தன்பாத்திலும் அசன்சோலிலும் பெரிய மருத்துவமனைகள் எழுந்தன.

எனினும், நிலக்கரிப் பற்றாக்குறையைக் காரணங்காட்டி, பெண்கள் சுரங்கத்தின் அடியில் வேலை செய்யக்கூடாது என்ற தடையை அரசு 1943இல் நீக்கியது. அதன் பொறுப்பும் அண்ணலின் துறையையே சார்ந்தது. சட்டசபையில் கடுங்கண்டனம் எழுந்தது. அம்முடிவிற்கு அவரே விடையளிக்க நேர்ந்தது. ஆணுக்குரிய கூலியே பெண்ணுக்கும் என்ற ஏற்பாடு செய்யப்பட்டது. 1946 பிப்ரவரியில் தடை மீண்டும் நடைமுறைக்கு வந்தது. பதவியில் இருப்பவர்க்கு நேரும் இத்தகைய இக்கட்டையும் மறையாது கூறுவதே பெரியோர் வரலாற்றை எழுதும் முறையாகும்.

அண்ணலின் காலத்தில் இடப்பட்ட பெரிய அடித்தளம் காப்பீட்டுத் திட்டமே. 1923ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு பெருங்குறை இருந்தது. காயமுற்றவன் தன் முதலாளியிடமே கேட்டுப் பெற வேண்டும். முதலாளி மறுத்தால் வழக்காட வேண்டும். முதலாளி நொடித்துப் போனால் தீர்ப்பும் வெறுங்காகிதமே. கிடைத்த தொகையும் ஒருமுறை கையில் வந்து, கடனுக்கும் சடங்குக்கும் போய்விடும். இதற்கு மாற்றாக, முதலாளியும் தொழிலாளியும் பணம் செலுத்தும் பொதுநிதி ஒன்றை அமைத்து, அதிலிருந்து நோய்க்கும் காயத்திற்கும் உதவி வழங்கலாம் என்ற கருத்து வலுப்பெற்றது. தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஒன்றை வகுக்கும் பணி 1943இல் பேராசிரியர் அதார்க்கரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1944இல் அவர் அறிக்கை அளித்தார். அதனை ஆராய்ந்த பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் வல்லுநர்களான ஸ்டாக், ராவ் ஆகிய இருவரும், நோய், மகப்பேறு, தொழிற்காயம் ஆகிய மூன்றையும் ஒரே திட்டத்தில் இணைக்குமாறு பரிந்துரைத்தனர்.

1946இல் வைசிராயின் நிர்வாகக் குழு கலைந்து அண்ணல் பதவி விலகினார். அவருக்குப் பின் அத்துறையை ஏற்றவர் நம் சமுதாயத்தின் மற்றொரு பெருமகனாகிய பாபு ஜகஜீவன் ராம். அவர் காலத்தில், 1948 ஏப்ரலில், தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் நிறைவேறிற்று. இன்று மக்கள் இ.எஸ்.ஐ. என்று வழங்குவது இதுவே. ஒருவர் அடித்தளமிட, ஒருவர் சுவர் எழுப்பினார். 1952 பிப்ரவரி 24ஆம் நாள் கான்பூரிலும் டில்லியிலும் திட்டம் தொடங்கிற்று. 1955இல் கோயம்புத்தூருக்கும் வந்தது. உறுப்பிழந்தவனுக்கு மாதந்தோறும் உதவித்தொகை, இறந்தவனைச் சார்ந்தோர்க்கு உதவித்தொகை, மருத்துவம் ஆகியவை முதலாளியிடம் கையேந்தாமலே கிடைக்க வழி பிறந்தது.

அரசியல் சட்ட வரைவுக் குழுவின் தலைவராக அண்ணல் பணியாற்றியபோதும் உழைப்பவனின் உடல் மறக்கப்படவில்லை. நோயுற்றோர்க்கும் உறுப்புக் குறையுற்றோர்க்கும் அரசின் உதவியைக் கூறும் 41ஆம் விதியும், மனிதத் தன்மையுள்ள பணி நிலைமையையும் மகப்பேற்று உதவியையும் கூறும் 42ஆம் விதியும் அரசின் கடமைகளாக இடம்பெற்றன. 1956ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள் அண்ணல் மறைந்தார்.

இன்று என்ன நிலை? 1923, 1948 ஆகிய இரு சட்டங்களின் சாரமும் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் சேர்க்கப்பட்டுள்ளது. எழுத்தில் குறைவில்லை. ஆயின் பாதாளச் சாக்கடையில் இறங்கி நச்சுக் காற்றால் மாண்டவர்களை எண்ணிப் பாருங்கள். சாக்கடைப் பணி 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையிலேயே இடம்பெற்ற பணிதான். இருந்தும், ஒப்பந்தக்காரரின் ஏட்டில் பெயரில்லை, கூலிச்சீட்டு இல்லை என்ற காரணங்களால் எத்தனை குடும்பங்கள் வெறுங்கையோடு திரும்பின! 1993 முதல் சாக்கடைப் பணியில் மாண்ட ஒவ்வொருவர் குடும்பத்திற்கும் 10 இலட்சம் ரூபாய் வழங்குமாறு உச்ச நீதிமன்றம் 2014இல் ஆணையிட வேண்டியதாயிற்று. 2023 அக்டோபரில் அத்தொகையை 30 இலட்சமாகவும், நிலையான ஊனமுற்றோர்க்கு 20 இலட்சத்துக்குக் குறையாமலும் அந்நீதிமன்றம் உயர்த்தியது. தொகை உயர்ந்தது நன்றே. அக்குழியில் இனி எவரும் இறங்கா நிலை வருவதே அதனினும் நன்று.

இளைஞர்களே! உங்கள் தெருவில் கட்டட வேலைக்கும் ஆலைக்கும் துப்புரவுப் பணிக்கும் செல்வோர் பலர் உள்ளனர். அவர்கள் பெயர் வருகைப் பதிவேட்டில் உள்ளதா, இ.எஸ்.ஐ. எண் உள்ளதா என்று கேட்டறியுங்கள். கூலி பெற்றதற்குச் சான்று வைத்திருக்கச் சொல்லுங்கள். விபத்து நேர்ந்தால் காலந்தாழ்த்தாது எழுத்தில் அறிவிக்க உதவுங்கள். எங்கே, எவ்வேலையில் காயம் நேர்ந்தது என்பதை மருத்துவமனைக் குறிப்பில் தெளிவாகப் பதியச் செய்யுங்கள். வெற்றுத்தாளில் கைந்நாட்டு இடவேண்டாமென்று எச்சரியுங்கள். சிறு தொகையைக் கையில் திணித்து வாய்மூடச் செய்வார் வரின், சேர வேண்டிய தொகையைச் சட்டத்தின்படி கணக்கிட்டுக் காட்டுங்கள்.

இதற்குப் பெரும்பட்டம் வேண்டுவதில்லை. எழுத்தறிவும் துணிவும் போதும். கல்விச் சபையோடு பொதுவாழ்வைத் தொடங்கிய அண்ணல், தாம் கற்ற பொருளியலையும் சட்டத்தையும் தொழிலாளியின் காயத்திற்கு மருந்தாக்கினார். இச்சங்கத்தின் விளக்கொளியில் கற்ற நாமும், நம் கல்வியைக் கொண்டு ஒரே ஒரு தொழிலாளியின் குடும்பத்திற்கேனும் உரிய ஈட்டுத்தொகையைப் பெற்றுத் தருவோமாயின், அதுவே அண்ணலுக்கு நாம் செலுத்தும் மெய்யான வணக்கமாகும்.