காட்ஜில்லாவுக்கு முன்னாடியே ஒரு சேலத்து மான்ஸ்டர்... மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர்.சுந்தரம் கதை!

காட்ஜில்லா ஜப்பான்ல ரிலீஸ் ஆனது 1954-ல். அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே நம்ம சேலத்து கம்பெனி ஒண்ணு, ஹாலிவுட்டோட கூட்டு சேர்ந்து ராட்சத மிருகப் படம் எடுத்துச்சுன்னா நம்புவீங்களா? படம் பேரு 'தி ஜங்கிள்'. தமிழ்ல 'காடு'. அந்தக் கம்பெனியோட முதலாளி, டி.ஆர்.சுந்தரம்.

1907-ல் திருச்செங்கோட்டுல பிறந்தவர். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துக்குப் போய் டெக்ஸ்டைல் படிச்சார். திரும்பி வரும்போது கூடவே வந்தது பட்டம் மட்டுமில்ல... கிளாடிஸ்ங்கிற ஆங்கிலேய மனைவியும்தான். நூல் மில், தறின்னு செட்டில் ஆகியிருக்க வேண்டியவர், சினிமா பக்கம் திரும்பிட்டார்.

அப்போ தமிழ்ப் படம் எடுக்கணும்னா கல்கத்தாவுக்கோ பம்பாய்க்கோ ரயில் ஏறணும். நடிகர், பாடகர், சமையல்காரர்னு மொத்த கோஷ்டியும் போய்த் தங்கணும். செலவு பிச்சுக்கும். சுந்தரம் யோசிச்சார்... ஸ்டூடியோவை நம்ம ஊர்லயே கட்டினா என்ன? ஏற்காடு அடிவாரத்துல மாடர்ன் தியேட்டர்ஸ் எழுந்துச்சு. 1937-ல் முதல் படம், 'சதி அகல்யா'. அடுத்த வருஷமே, மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்'. அதைத் தயாரிச்சதும் சேலத்துக்காரர்தான்!

அவர் ஸ்டூடியோவை ஒரு மில் மாதிரிதான் நடத்தினார். நேரத்துக்கு வரணும், எழுத்தாளர்ல இருந்து நடிகர் வரைக்கும் மாசச் சம்பளம். கெடுபிடி ஜாஸ்திதான். ஆனா, அந்தக் கெடுபிடியிலதான் படங்கள் வரிசையா வந்துச்சு. 1940-ல் 'உத்தம புத்திரன்'ல பி.யு.சின்னப்பாவை இரட்டை வேடத்துல காட்டினாங்க. கம்ப்யூட்டரே இல்லாத காலம். லென்ஸ்ல பாதியை மறைச்சு ஒரு தடவை, அதே ஃபிலிமைப் பின்னாடி சுத்தி மீதிப் பாதியை ஒரு தடவைன்னு ஷூட் பண்ற வித்தை அது. 1950-ல் 'மந்திரி குமாரி'. எம்.ஜி.ஆர் நடிப்பு, கருணாநிதி வசனம். சுந்தரத்தோட சேர்ந்து அதை இயக்கினவர் எல்லிஸ் ஆர்.டங்கன்ங்கிற அமெரிக்கர்.

இந்த டங்கன் 'தி ஜங்கிள்' படத்துலயும் இருந்தார். அமெரிக்கப் பக்கம் கைகோத்தது லிப்பர்ட் பிக்சர்ஸ். கம்மி பட்ஜெட்டுக்குப் பேர் போன கம்பெனி. வில்லியம் பெர்க் இயக்க, ராட் கேமரான், சீசர் ரொமேரோ, மேரி வின்ட்ஸர்னு மூணு ஹாலிவுட் முகங்கள் இங்கே வந்து நடிச்சாங்க. நம்ம எம்.என்.நம்பியாரும் உண்டு.

கதை இதுதான்: காட்டு யானைங்க வெறிபிடிச்ச மாதிரி ஊருக்குள்ள ஓடி வருது. எதைப் பார்த்து பயந்து ஓடுது? தேடிப் போனா, பனியுகத்தோட அழிஞ்சுபோச்சுன்னு நினைச்ச சடைமுடி மாமூத் யானைங்க உயிரோட நிக்குது!

ராசிங்காபுரத்துல நின்னு மேற்கே ஏலக்காய் மலையைப் பார்க்கிறவங்களுக்கு இந்தக் கதை பெருசா அந்நியமா தெரியாது. மேகம் இறங்கின மலைக்குள்ள என்ன இருக்குன்னு யாரு கண்டா?

சரி, மாமூத்துக்கு எங்கே போறது? நிஜ யானைக்கே சடைமுடிக் கோட்டு மாட்டிவிட்டாங்க, அவ்ளோதான். காட்ஜில்லாவுல மனுஷனுக்கு ரப்பர் சூட், இங்கே யானைக்கு முடிக்கோட்டு. இன்னைக்குப் பார்த்தா சிரிப்பு வரும். பயம்? ம்ஹூம். ஆனா, அந்தக் காடும் ஓடுற யானைக் கூட்டமும் நிஜம். அதை எந்த செட்டும் தந்திருக்காது. வெளிநாட்டுக்காரங்க நம்ம ஊருக்கு வந்து படம் எடுத்துட்டுப் போறது வேற, நம்ம ஸ்டூடியோ பார்ட்னரா நிக்கிறது வேற. சுந்தரம் ரெண்டாவதைச் செஞ்சார். என்னைக் கேட்டா, கோட்டு போட்ட யானையைவிட பெரிய ஆச்சர்யம் அதுதான்.

மாமூத்தோட அவர் ஓயல. 1956-ல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' மூலமா தமிழுக்கு முதல் முழுநீளக் கலர் படம். 1961-ல் 'கண்டம் பெச்ச கோட்டு', மலையாளத்துக்கு முதல் கலர் படம். ரெண்டுக்கும் அவரே டைரக்டர்.

1963 ஆகஸ்ட்ல சுந்தரம் இறந்தப்போ வயசு 56. அப்புறம் மகன் கையில கம்பெனி ஜெய்சங்கரை வெச்சு 'வல்லவன் ஒருவன்', 'சி.ஐ.டி. சங்கர்'னு துப்பாக்கிப் படங்கள் பக்கம் போச்சு. இப்போ ஸ்டூடியோ இல்லை. சேலத்துல இருந்து ஏற்காடு போற ரோட்டுல அதோட நுழைவாயில் வளைவு மட்டும் நிக்குது. நிறைய பேர் பைக்கை ஓரங்கட்டி செல்ஃபி எடுத்துட்டு மலை ஏறுறாங்க.