மௌசரை வாங்கச் சென்ற மஹ்மூத் ஷெவ்கெத் பாஷா

ஒஸ்மானிய கிலாபத்தின் இறுதிக் காலம் என்றதும் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீத் நம் நினைவுக்கு வருகிறார். அவரது படைக்குத் துப்பாக்கி வாங்கச் சென்று, பின்னர் அதே படையின் ஒரு பகுதியுடன் வந்து அவரது ஆட்சியை முடித்துவைத்த மஹ்மூத் ஷெவ்கெத் பாஷாவைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

1856இல் பக்தாதில் பிறந்த அவர், 1882இல் இஸ்தான்பூல் இராணுவக் கல்லூரியில் கற்று வெளியேறினார். ஒஸ்மானிய அரசு 1887இல் ஜேர்மனியின் மௌசர் நிறுவனத்திடம் 5 இலட்சம் துப்பாக்கிகளுக்கும் 50,000 குறுந்துப்பாக்கிகளுக்கும் ஒப்பந்தம் செய்தது. ஒவ்வொரு வேட்டுக்கும் பூட்டைக் கையால் இழுத்துத் தள்ளிச் சுடும் வகை அது. அவற்றைப் பரிசோதித்துப் பொறுப்பேற்கச் சென்ற அதிகாரிகளில் ஷெவ்கெத்தும் ஒருவர். பல வருடங்கள் ஜேர்மனியில் தங்கி, அந்தத் துப்பாக்கியைப் பற்றி நூலும் எழுதினார்.

அந்த ஒப்பந்தத்தில் புத்திசாலித்தனமான ஒரு நிபந்தனை இருந்தது. இடையில் சிறந்த தொழில்நுட்பம் வந்தால், மீதித் துப்பாக்கிகளை அதன்படியே தயாரித்துத் தர வேண்டும். 9.5 மி.மீ. துப்பாக்கிகள் 2 இலட்சத்துக்கும் அதிகமாக வந்து சேர்ந்த நிலையில் புகையற்ற வெடிமருந்து வழக்கத்துக்கு வந்தது. உடனே நிபந்தனையைக் காட்டி, ஐந்து தோட்டாக்கள் கொள்ளும் 7.65 மி.மீ. துப்பாக்கியை ஒஸ்மானியர் பெற்றுக்கொண்டனர். 1893, 1903 மாதிரிகளும் தொடர்ந்து வந்தன.

ஆனால் அவற்றைச் செய்யும் தொழிற்சாலை ஜேர்மனியிலேயே இருந்தது. மௌசர் முறையில் அமைந்த துப்பாக்கிகளை சேர்பியாவும் வாங்கிக்கொண்டது.

1909 ஏப்ரலில் இஸ்தான்பூலில் இராணுவக் கலகம் வெடித்தது. சலோனிகாவிலிருந்து படையுடன் வந்த ஷெவ்கெத் தலைநகரைக் கைப்பற்றினார். ஒஸ்மானிய வீரர்கள் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டனர். ஏப்ரல் 27இல் சுல்தான் பதவி நீக்கப்பட்டார். 1912இல் பால்கன் யுத்தம் மூண்டபோது, அரசியலால் பிளவுபட்டிருந்த படை குமனோவோவில் சேர்பியரிடம் தோற்றது.

1913 ஜனவரியில் நடந்த ஆட்சிக் கவிழ்ப்பில் போர் அமைச்சர் நாஸிம் பாஷா சுட்டுக் கொல்லப்பட்டார். ஷெவ்கெத் பிரதம வஸீரானார். ஐந்து மாதம்கூட நிறைவடையவில்லை. ஜூன் 11இல் காரில் சென்றுகொண்டிருந்த அவரையும் எதிரணியினர் சுட்டுக் கொன்றனர்.

நல்ல ஆயுதத்தை அறிந்து வாங்கும் ஆற்றல் அந்த அரசிடம் இருந்தது. அதைத் தானே செய்யும் தொழிலும், அதைத் தன் சகோதரன் மீது திருப்பாத ஒற்றுமையும் இருக்கவில்லை. இவ்விரண்டையும் எந்த ஒப்பந்தத்தாலும் வாங்க முடியாது.