இறந்து எத்தனை மாதம் ஆச்சு? பூச்சிகளை வைத்துக் கணக்கு போட்டவர்... யார் இந்த ழான் பியர் மேன்யான்?

1878 ஜனவரி, பாரிஸ். தடயவியல் மருத்துவர் பால் புரூவார்டெல் முன்னால் ஒரு பச்சிளம் குழந்தையின் உடல் கிடந்தது. அழுகவில்லை, சருகுபோல் காய்ந்திருந்தது. மேலே பழுப்பு நிறத்தில் தூள் மாதிரி ஏதோ படிந்திருந்தது.

குழந்தை இறந்து எவ்வளவு காலம் ஆகியிருக்கும்? உடல் சூடு, விறைப்பு இதெல்லாம் முதல் சில நாட்களுக்குத்தான் உதவும். மாதக்கணக்கு ஆகிவிட்டால் மருத்துவர் கையில் எதுவும் இருக்காது. அதனால் புரூவார்டெல் உதவிக்குக் கூப்பிட்டவர்களில் ஒருவர், ராணுவக் குதிரைகளுக்கு வைத்தியம் பார்த்தவர்!

குதிரை டாக்டருக்கு இங்கே என்ன வேலை?

ழான் பியர் மேன்யான் 1828-ல் பிரான்ஸின் எரிமோங்கூர் என்ற ஊரில் பிறந்தவர். கால்நடை மருத்துவம் படித்து ராணுவத்தில் சேர்ந்தார். விலங்குகளுக்குச் சொறி வரவைக்கும் ‘மைட்’ என்ற நுண்ணிய உண்ணிகள்தான் அவருடைய ஸ்பெஷாலிட்டி.

அந்தப் பழுப்புத் தூளை மைக்ராஸ்கோப்பில் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. அது தூளே இல்லை. மைட்கள் உரித்த தோலும் அவற்றின் கழிவும்.

கணக்கு எப்படிப் போட்டார்?

சிம்பிளா சொல்லணும்னா, வட்டிக்கு வட்டி கணக்குதான். ஒரு பெண் மைட்டிலிருந்து 15 நாளில் 10 பெண், 5 ஆண் மைட்கள் வரும் என்று வைத்துக்கொண்டார். இப்படியே ஒவ்வொரு 15 நாளுக்கும் பத்து மடங்கு பெருகினால், 90 நாளில் 15 லட்சம். குழந்தையின் உடலில் உயிருள்ளவை, செத்தவை எல்லாம் சேர்த்து சுமார் 24 லட்சம் இருக்கும் என்று மதிப்பிட்டார்.

மைட்கள் வருவது உடல் காய்ந்த பிறகுதான். அந்தக் காலத்தையும் சேர்த்து, குறைந்தது 5 மாதம், அதிகபட்சம் 7-8 மாதம் ஆகியிருக்கும் என்றார். அதே உடலில் கிடைத்த அந்துப்பூச்சிப் புழுவை ஆராய்ந்த எட்மோன் பெரியே சொன்னதும் 6-7 மாதம். ரெண்டும் ஒத்துப்போனது.

இவர்தான் முதல் ஆளா?

இல்லை. 1850-லேயே ஆர்புவா என்ற ஊரில் பெர்ஷெரே என்ற மருத்துவர் இதை முயன்றிருக்கிறார். ஒரு வீட்டில் புகைபோக்கி அருகே குழந்தையின் உடல் கிடைத்தது. அந்த வீட்டில் பலர் மாறி மாறிக் குடியிருந்திருந்தார்கள். எந்த வருஷம் என்பதைப் பொறுத்துத்தான் யார் மேல் சந்தேகம் என்பதே முடிவாகும். பூச்சிகளை வைத்து அப்போதைய குடித்தனக்காரர்களுக்குத் தொடர்பில்லை என்றார் பெர்ஷெரே. ஆனா, பூச்சிகளின் வளர்ச்சிக் காலத்தை அவர் தப்பாகக் கணக்கிட்டிருந்தார்.

அந்த ஓட்டையை அடைக்கத்தான் மேன்யான் பல வருஷம் உழைத்தார். இவ்ரி கல்லறைத் தோட்டத்தில் தோண்டி எடுத்த உடல்களைக்கூட விடவில்லை. புதைத்த உடலுக்கு வரும் பூச்சிகளே வேறு என்று 1887-ல் எழுதினார்.

எட்டு அலைகள்

1894-ல் வெளியான ‘பிணங்களின் உயிரினங்கள்’ என்ற அவரது புத்தகம்தான் இந்தத் துறைக்கு அடித்தளம். திறந்தவெளியில் கிடக்கும் உடலுக்குப் பூச்சிகள் எட்டு அணிகளாக வரும் என்றார். முதலில் ஈக்கள். கொழுப்பு கெட ஆரம்பித்ததும் தோல்வண்டுகள். பிறகு பாலாடைக்கட்டியில் காணப்படும் ஒரு வகை ஈ. உடல் காயும்போது மைட்கள். அப்புறம் கம்பளித் துணியை அரிக்கும் அந்துப்பூச்சிகள். கடைசி அணி வர 3 வருஷம்கூட ஆகும். ராணுவக்காரர் இல்லையா, அணிகளுக்கு வைத்த பெயரும் ராணுவப் பெயர்தான்.

அப்போ எல்லாம் சரியாப் போச்சா?

அங்கேதான் சிக்கல். பட்டியல் ரொம்பக் கச்சிதம், இயற்கை அவ்வளவு கச்சிதம் இல்லை. சில வருஷங்களிலேயே கனடாவின் மாண்ட்ரியலில் ஜான்ஸ்டன், வில்நெவ் என்ற இருவர் சோதித்துப் பார்த்து, ஊருக்கு ஊர் பூச்சியும் வேகமும் மாறும், பாரிஸ் கணக்கை அப்படியே போடக் கூடாது என்று எச்சரித்தார்கள். வெயில் ஏறினால் புழு சீக்கிரம் வளரும், குளிரில் மெதுவாகும். தப்பான தேதி தப்பான ஆளை மாட்டிவிடும்.

அதனால் இன்றைய ஆய்வாளர்கள் எட்டு அலைகளை அப்படியே நம்புவதில்லை. கிடைத்த புழுவை வளர்த்து எந்த இனம் என்று பார்க்கிறார்கள். சம்பவ இடத்தின் வெப்பநிலையோடு சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். ஆனால் எந்தப் பூச்சி எந்தக் கட்டத்தில் வருகிறது என்று பார்த்துக் காலத்தைச் சொல்லும் அடிப்படை யோசனை மேன்யானுடையதுதான்.

1905 டிசம்பர் 31-ல், 77 வயதில் மேன்யான் இறந்தார். அவர் போட்ட பட்டியல் பழசாகிவிட்டது. அவர் கேட்ட கேள்வியை மட்டும் ஆய்வாளர்கள் இன்னும் விடவில்லை.