வாலிபர் படையை நடத்திய ஆசிரியர்
ஹண்டி பேரின்பநாயகம் அவர்களின் வாழ்வும் அது நமக்கு உணர்த்தும் பாடங்களும்

சங்கம் ஒன்றைத் தொடங்குதல் எளிது. அதனை நடத்துதல் அரிது. நோக்கம் பிறழாது நடத்துதல் அரிதினும் அரிது. கண்டி மாநகருக்கு அண்மையில், மகாவலி நதிக்கு அப்பால், பல்லேகலப் பகுதியில் வாழும் வாலிபர்களாகிய நாம் ஆண்டுதோறும் ஒரு மலர் வெளியிடுகின்றோம். புதிய காரியதரிசியையும் தனாதிகாரியையும் தெரிவு செய்கின்றோம், விழா எடுக்கின்றோம். ஆயினும், வாலிபர் கூட்டம் ஒன்றைத் தலைமை தாங்கி நடத்துதல் என்பது யாது என நாம் அமர்ந்து சிந்தித்ததுண்டா? அச்சிந்தனைக்குத் துணையாக, இந்நாட்டுத் தமிழ் மாணவர்களை முதன்முதலாக ஒரு பெருஞ் சக்தியாகத் திரட்டிய பெரியார் ஒருவரின் வரலாற்றை இம்மலரில் எடுத்துரைக்க விழைகின்றோம்.

அவர்தாம் ஹண்டி பேரின்பநாயகம். 1899ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்திலே கிறிஸ்தவக் குடும்பமொன்றிற் பிறந்தவர். வட்டுக்கோட்டையிலுள்ள யாழ்ப்பாணக் கல்லூரியிற் கல்வி பயின்று, பின்னர் அங்கேயே ஆசிரியரானார். அக்காலத்தில் ஆங்கிலம் கற்றவர்க்கு அரசாங்க உத்தியோகமே மோட்சமாகத் தோன்றியது. கோட்டும் தொப்பியும் அணிந்து, தாய்மொழி பேசுதலை இழிவென்று கருதி, கொழும்பிலோ மலாயாவிலோ ஒரு நாற்காலியைத் தேடிக்கொள்வதே கல்வியின் பயன் என எண்ணினர். இந்நிலை கண்டு உள்ளம் புழுங்கிய இளைஞர் சிலருள் ஒருவராகப் பேரின்பநாயகம் விளங்கினார். பாரத நாட்டிலே காந்தியடிகள் மூட்டிய விடுதலைக் கனல் பாக்கு நீரிணையைக் கடந்து அவ்விளைஞர் நெஞ்சிலும் பற்றிக்கொண்டது.

1924ஆம் ஆண்டின் இறுதியில் யாழ்ப்பாணத்திலே மாணவர் காங்கிரஸ் உதயமாயிற்று. அதனைத் தோற்றுவிப்பதில் முன்னின்ற பேரின்பநாயகத்துக்கு அப்பொழுது வயது இருபத்தைந்து. மாணவரும் இளம் ஆசிரியரும் ஒருங்கு சேர்ந்த அச்சபை பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் என்னும் பெயர் பெற்றது. இலங்கைக்குப் பூரண சுயராச்சியம் வேண்டும், சாதி வேற்றுமை ஒழிய வேண்டும், தாய்மொழியிற் கல்வி நடைபெற வேண்டும், இனமத பேதமின்றி இந்நாட்டு மக்கள் ஒன்றுபட வேண்டும் என்பனவே அதன் கொள்கைகள். நூற்றாண்டு ஒன்று கழிந்த இன்றும் அவற்றுள் எத்தனை நிறைவேறின என்று எண்ணிப் பார்ப்போமாயின், அவ்விளைஞரின் நோக்கு எத்துணை தூரம் சென்றது என்பது விளங்கும்.

அவர்கள் சங்கம் நடத்திய முறையை நாம் கூர்ந்து நோக்கல் வேண்டும். ஆண்டு மாநாட்டின் தலைமைப் பீடத்தை இளைஞர்கள் தமக்குள்ளே பங்கிட்டுக்கொள்ளவில்லை. மூத்தோரையும் வெளியூர்ப் பெரியோரையும் அழைத்து அதில் அமர்த்தினர். ஈழத்துத் துறவியும் தமிழறிஞருமான சுவாமி விபுலாநந்தர் தலைமை தாங்கினார். கொழும்பு ஆனந்தாக் கல்லூரியின் அதிபராயிருந்த பௌத்தரான குலரத்தின அவர்களும் தலைமை தாங்கினார். சைவரும் கிறிஸ்தவரும் பௌத்தரும் ஒரே மேடையில் அமர்ந்தனர். சிங்களப் பிள்ளைகள் தமிழும், தமிழ்ப் பிள்ளைகள் சிங்களமும் கற்றல் வேண்டும் என்னும் கருத்தை அச்சபையினர் வற்புறுத்தினர். இரு மொழியும் நாள்தோறும் செவியிற் படும் கண்டிப் பகுதியில் வாழும் நமக்கு அதன் அருமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஒரு கூட்டத்தை நடத்துபவன் தான் மேடையில் விளங்குதலிலும், மேடை நிலைபெறுதலையே விரும்புதல் வேண்டும் என்பது இதனால் நாம் பெறும் முதலாவது பாடமாகும்.

1927ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் மகாத்மா காந்தி இலங்கைக்கு எழுந்தருளினார். அவரை அழைத்தோருள் மாணவர் காங்கிரஸ் முதன்மையானது. அன்னை கஸ்தூரிபாயும் இராஜகோபாலாச்சாரியாரும் உடன் வந்தனர். காந்தியடிகள் கதர் நிதி திரட்டியவாறு கொழும்பு முதலிய நகரங்களுக்குச் சென்றார். நமது கண்டி மாநகருக்கும் வந்தார். மாத இறுதியில் யாழ்ப்பாணம் சேர்ந்து, கல்லூரிகளிலும் பொதுக்கூட்டங்களிலும் பேசினார். உலகம் போற்றும் மகான் ஒருவரை வரவேற்று, ஊர் ஊராக அழைத்துச் சென்று, நிதி சேர்த்து, குறித்த வேளையில் கூட்டங்களை நடத்துதல் விளையாட்டுக் காரியமன்று. அப்பெருவேலையில் மாணவர் காங்கிரஸ் இளைஞர்கள் ஊக்கமுடன் உழைத்தனர். பெரிய பொறுப்பை இளையோர் கையில் ஒப்படைத்தால் அவர்கள் அதற்கேற்ற அளவுக்கு வளர்வர் என்பது இரண்டாவது பாடம். சிறுபணியே கொடுத்துச் சிறுவராகவே வைத்திருப்பதனால் எந்தச் சங்கமும் உயர்வதில்லை.

கொள்கையைத் தீர்மானமாக நிறைவேற்றுதல் ஒன்று. அதனை வாழ்விற் கடைப்பிடித்தல் வேறொன்று. சாதிக் கட்டுப்பாடு இரும்புவேலிபோல் நின்ற அந்நாளில், பள்ளிக்கூடங்களில் தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் தரையிலோ புறத்தேயோ இருத்தப்பட்டனர். வாலிபர் காங்கிரஸ் சம ஆசனத்துக்காகக் குரல் எழுப்பியது. தனது மாநாடுகளிலே எல்லாச் சாதியினரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணும் சமபந்தி போசனத்தையும் நடத்தியது. இதனால் எழுந்த பகை சிறிதன்று. சம ஆசனம் வழங்கிய பாடசாலைகள் சில 1930ஆம் ஆண்டை ஒட்டிய காலத்திலே தீக்கிரையாக்கப்பட்டன என்றால், எதிர்ப்பின் கொடுமையை நாம் உய்த்துணரலாம். உறவினரும் அயலவரும் முகம் சுளிக்க, அவ்விளைஞர்கள் பந்தியில் அமர்ந்தனர். சொல்லும் செயலும் ஒன்றாகாத தலைவனைத் தொண்டர் மதியார் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

இனி, பேரின்பநாயகத்தின் பொதுவாழ்விலே யாவற்றினும் கடினமான கட்டத்துக்கு வருகின்றோம். புகழ்மாலை தொடுப்போர் பலர் இதனை விரைந்து கடந்துவிடுவர். ஆனால், நாம் கற்கவேண்டியது இங்கேதான் மிகுதியாக உண்டு.

டொனமூர் அரசியற்றிட்டத்தின்படி 1931ஆம் ஆண்டு இலங்கை அரசாங்க சபைக்கு முதலாவது தேர்தல் நடைபெற்றது. இருபத்தொரு வயது நிரம்பிய ஆண் பெண் இருபாலார்க்கும் வாக்குரிமை அளித்தமையால் அத்திட்டம் ஆசியக் கண்டத்துக்கே புதுமையாக விளங்கியது. எனினும், தேசாதிபதியின் மேலதிகாரம் நீங்கவில்லை. நிதி, சட்டம் முதலிய பெருந்துறைகள் பிரித்தானிய அரசு நியமித்த மூன்று உத்தியோகத்தர் கையிலேயே இருந்தன. தோட்டத் தொழிலாளரான இந்தியத் தமிழர் பலருக்கு வாக்குரிமை கிட்டாதவாறு விதிகளும் அமைந்தன. இது சுயராச்சியம் ஆகாது என வாலிபர் காங்கிரஸ் கருதியது. 1931 ஏப்ரலில், பாரத நாட்டு வீராங்கனை கமலாதேவி சட்டோபாத்தியாயர் தலைமை தாங்கிய மாநாட்டிலே, தேர்தலைப் பகிஷ்கரிப்பதெனத் தீர்மானம் நிறைவேறிற்று.

இளைஞரின் சொல்லுக்கு யாழ்ப்பாணம் செவிசாய்த்தது. யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் நியமனப் பத்திரம் தாக்கல் செய்ய ஒருவரும் முன்வரவில்லை. படை இல்லை, பணம் இல்லை, பதவி இல்லை. ஆசிரியரும் மாணவரும் கூடிய ஒரு சபை, குடியேற்ற அரசாங்கத்தின் தேர்தலை ஒரு குடாநாடு முழுவதிலும் நிறுத்திவிட்டது. மாணவர் இயக்க வரலாற்றிலே இது போன்ற வெற்றி அரிது.

ஆயினும், வெற்றியின் மறுபக்கத்தையும் நாம் காணல் வேண்டும். தெற்கிலே பகிஷ்காரம் பரவவில்லை. அங்கே வழமைபோல் தேர்தல் நடந்தது, சபை கூடியது, மந்திரிகள் பதவியேற்றனர். நமது மலைநாட்டிலும் தேர்தல் நின்றுவிடவில்லை. கண்டித் திரித்துவக் கல்லூரியிற் பயின்ற பெரி சுந்தரம் அவர்கள் அட்டன் தொகுதியிலிருந்து போட்டியின்றித் தெரிவாகித் தொழில், கைத்தொழில், வர்த்தக மந்திரியானார். தலவாக்கலையிலிருந்து வைத்திலிங்கம் அவர்கள் சபைக்குச் சென்றார். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நான்கு ஆசனங்களோ வெறுமையாய்க் கிடந்தன. உண்ணாவிரதம் இருப்போன் ஒருவன், மற்றையோர் பந்தியில் அமர்ந்து உண்டு எழுவதைக் கண்ட நிலை போலாயிற்று.

மற்றுமொரு குறையும் இருந்தது. பகிஷ்காரத்தை ஆதரித்தோர் எல்லோரும் ஒரே எண்ணத்துடன் ஆதரிக்கவில்லை. இளைஞர்கள் பூரண சுயராச்சியத்தை வேண்டி ஒதுங்கினர். மூத்த அரசியல்வாதிகள் சிலரோ, இனவாரிப் பிரதிநிதித்துவத்தைப் புதிய திட்டம் நீக்கிவிட்டதே என்னும் மனக்குறையினால் ஒதுங்கினர். ஒருவருக்குத் திட்டம் போதாது. மற்றவருக்குத் திட்டம் மிகையானது. இரு சாராரும் ஒரே வாயிலினூடாக வெளியேறினர். ஆனால், வெளியே வந்ததும் அவர்கள் செல்லக் கருதிய திசைகள் வெவ்வேறு. காலஞ் செல்ல, ஆசனங்களை நிரப்ப வேண்டும் என்னும் கோரிக்கை வலுத்தது. 1934இல் இடைத்தேர்தல்கள் நடைபெற்றன. பருத்தித்துறையிலிருந்து ஜி. ஜி. பொன்னம்பலம் அவர்கள் சபைக்குச் சென்றார். 1936இல் அமைந்த மந்திரிசபையிலே தமிழர் ஒருவரேனும் இடம்பெறவில்லை. அதன்பின் ஐம்பதுக்கு ஐம்பது என்னும் கோரிக்கையே தமிழர் அரசியலின் மையமாயிற்று. இனங்களை ஒன்றுபடுத்த எண்ணிய வாலிபர் காங்கிரசின் குரல் படிப்படியாக மங்கி, முப்பதுகளின் பிற்பகுதியில் அச்சபையும் ஒளி குன்றியது.

பகிஷ்காரம் சரியா, தவறா என்று இன்றும் அறிஞர் வாதிப்பர். தீர்ப்புக் கூறுதல் நமது வேலையன்று. ஆனால், வாலிபர் சங்கங்களை நடத்துவோர்க்கு இதிலே உண்மையான அறிவுரை உண்டு. கைதட்டலை ஆதரவென்று எண்ணிவிடலாகாது. தீர்மானம் எடுக்குமுன், நம்முடன் இறுதிவரை நடந்து வருவோர் எத்தனை பேர், எக்காரணத்தினால் வருகின்றனர் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒரு கதவை மூடும்போது, வேண்டின் அதனைத் திறப்பதெப்படி என்பதையும் முன்னரே வகுத்துக்கொள்ளல் வேண்டும். தூய நோக்கம் இன்றியமையாதது. ஆனால், நோக்கம் மாத்திரம் போதாது. எண்ணித் துணிதல் வேண்டும் என்பது தமிழ் மறை நமக்குக் காட்டிய நெறியன்றோ?

இத்தகைய ஏமாற்றத்தின்பின் பலர் மனம் கசந்து வீட்டினுள் முடங்குவர். அல்லது, காற்று வீசும் திசைக்குப் பாய் விரிப்பர். பேரின்பநாயகம் இவ்விரண்டும் செய்தாரல்லர். இனவாதம் செல்வாக்குப் பெற்ற காலத்திலும் தமது கொள்கையை விட்டு விலகவில்லை. சட்டசபை ஆசனமொன்றில் அவர் ஒருபோதும் அமரவில்லை. வகுப்பறையையே தமது களமாகக் கொண்டார். 1949ஆம் ஆண்டு கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராகப் பொறுப்பேற்று, 1960 வரை அதனை வளர்த்தார். கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்த ஒருவரை இந்துக் கல்லூரி ஒன்று தனது தலைவராக ஏற்றுக்கொண்டது என்றால், அஃது அவர் பெருமைக்கும் சான்று. அக்கல்லூரியை நடத்திய சைவப் பெருமக்களின் பெருந்தன்மைக்கும் சான்று. இந்து வாலிபராகிய நாம் இதனை நெஞ்சிற் பதித்தல் வேண்டும். தன் சமயத்தில் உறுதியுடையோன் பிறர் நன்மையை ஏற்க அஞ்சான்.

ஆசிரியர் சங்கங்களிலும் அவர் முன்னின்று உழைத்தார். 1961இல் அரசாங்கம் நியமித்த தேசிய கல்வி ஆணைக்குழுவிலும் அங்கம் வகித்தார். 1977ஆம் ஆண்டு இவ்வுலக வாழ்வை நீத்தார். 1980இல் அவரது நினைவாக வெளிவந்த நூல், வாலிபர் காங்கிரசின் வரலாற்றைப் பிற்காலத்தார் அறிய வழிசெய்தது. அவர் கொடியேந்திய சபை மறைந்துவிட்டது. ஆனால், அவர் உருவாக்கிய மாணாக்கர் ஆசிரியராகி, அவர்தம் மாணாக்கரும் ஆசிரியராயினர். சங்கம் அழியினும், அது மனிதரை உருவாக்கியிருக்குமாயின் தோல்வியுற்றதாகாது.

வாலிப அன்பர்களே! நமது சங்கம் சிறியது. நாம் தேர்தலை நிறுத்தப் போவதில்லை. மகாத்மாவை வரவேற்கும் பேறும் நமக்கு வாய்க்கப் போவதில்லை. எனினும், நமது சிறிய கூட்டத்திலும் தலைமைப் பீடம் உண்டு, வரவுசெலவுக் கணக்கு உண்டு, கருத்து வேற்றுமை உண்டு, பந்தியும் உண்டு. பீடத்தைப் பிறருக்கு அளிக்கும் மனம், இளையோரிடம் பொறுப்பைக் கொடுக்கும் துணிவு, சொன்னபடி பந்தியில் அமரும் நேர்மை, தீர்மானத்துக்கு முன் ஆட்களை எண்ணும் நிதானம், தோல்வியின் பின்னும் பணியைத் தொடரும் பொறுமை ஆகிய இவ்வைந்தும் நம்மிடம் இருக்குமாயின், பல்லேகலையில் நாம் மூட்டியுள்ள இச்சிறு தீபமும் அணையாது. தோட்டத்து லயத்திலும் நகரத்து வீதியிலும் வாழும் நம் தம்பி தங்கையர் அவ்வொளியில் வழி காண்பர். அதற்கு எல்லாம் வல்ல இறைவன் அருள் புரிவானாக!