மேடையிலே மூன்று கைகள்

தம்பி!

ரெகே இசையைப் பற்றிய படங்களைத் தேடிப்பிடித்துத் திரையிடும் விழாக்கள் இன்று பல நாடுகளிலே நடக்கின்றன. அங்கே 1972-ல் வெளிவந்த ‘தி ஹார்டர் தே கம்’ ஓடும். 2012-ல் கெவின் மக்டொனால்ட் எடுத்த ‘மார்லி’ ஓடும். எதைத் தவறவிட்டாலும் ‘ஹார்ட்லேண்ட் ரெகே’ என்ற படத்திலே வரும் ஒரு காட்சியைத் தவறவிடாதே.

இரவு நேரம். திறந்தவெளி மேடை. சடைமுடிக்காரன் ஒருவன், மெலிந்த மேனியன், ஆடிக்கொண்டே பாடுகிறான். பாட்டின் நடுவிலே இரண்டு பேரை மேடைக்கு அழைக்கிறான். ஒருவர் நாட்டின் பிரதமர் மைக்கேல் மான்லி. மற்றவர் எதிர்க்கட்சித் தலைவர் எட்வர்ட் சியாகா. இருவர் முகத்திலும் இறுக்கம். அவனோ விடவில்லை! இருவர் கையையும் பற்றித் தன் தலைக்குமேலே உயர்த்திச் சேர்த்துப் பிடிக்கிறான். நாள் 1978 ஏப்ரல் 22; நகரம் ஜமைக்காவின் கிங்ஸ்டன்; அவன்தான் பாப் மார்லி.

தலைவர்கள் கையையே பிடித்து இழுக்கும் துணிவு ஒரு பாட்டுக்காரனுக்கு எங்கிருந்து வந்தது? அந்தக் கையின் கதையைக் கேள்.

1945 பிப்ரவரி 6-ல், நைன் மைல் என்ற மலைக் கிராமத்திலே பிறந்தவன். தாய் கறுப்பினப் பெண். வயதிலே மிக மூத்த தந்தை வெள்ளையர். அந்தத் தந்தை குடும்பத்தோடு வாழவில்லை. பிள்ளையோ வெள்ளையரிடம் கறுப்பன், கறுப்பரிடம் கலப்பன்! பன்னிரண்டு வயதையொட்டித் தாயோடு கிங்ஸ்டனுக்கு வந்து, ட்ரெஞ்ச் டவுன் என்ற ஏழைகளின் பேட்டையிலே குடியேறினான். வயிற்றுப்பாட்டுக்காக வெல்டிங் பட்டறையிலே வேலை பழகினான். ஒருநாள் உலோகத் துணுக்கு ஒன்று கண்ணிலே பாய்ந்தது. கண் பிழைத்தது, பட்டறை வாழ்வு முடிந்தது. கூட வேலை பார்த்த டெஸ்மண்ட் டெக்கரும் ஒரு பாட்டுக்காரர். அவர் காட்டிய வழியிலே 1962-ல் முதல் இசைத்தட்டு வந்தது. பீட்டர் டோஷ், பன்னி லிவிங்ஸ்டன் என்ற தோழர்களோடு ‘வெய்லர்ஸ்’ குழு பிறந்தது.

பாட்டு நாடெங்கும் ஒலித்தது. பாடியவன் பையோ காலி! 1966-ல் மணம் முடித்த சில நாளிலேயே, தாய் குடியேறியிருந்த அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போனான். கிரைஸ்லர் மோட்டார் தொழிற்சாலையிலே உழைத்தான். இரவு ஷிப்டு எப்படியிருக்கும் என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அந்த அனுபவமே பத்தாண்டு கழித்து அவனுக்கு ஒரு பாட்டாயிற்று. திரும்பி வந்து, 1973-க்குப் பிறகு உலகப் புகழ் பெற்றான்.

ஜமைக்காவிலே அப்போது இரண்டு பெரும் கட்சிகள். கொள்கைப் போட்டி இருந்தால் குற்றமில்லை. ஆனால் இந்தத் தெரு எங்களுடையது, அந்தத் தெரு உங்களுடையது என்று ஏழைகளின் சேரியைக் கூறுபோட்டு, கட்சியின் பெயரால் இளைஞர் கையிலே துப்பாக்கி ஏறிவிட்டதே! செத்தவனும் ட்ரெஞ்ச் டவுன்காரன் போன்ற ஏழை; சுட்டவனும் ஏழை. கட்சிக்காரர்களாகிய நாம் இந்த இடத்திலே சற்று நின்று படிக்கவேண்டும்.

1976 டிசம்பரிலே, மக்களுக்காக இலவச இசை நிகழ்ச்சி ஒன்றுக்கு மார்லி ஒப்புக்கொண்டான். அறிவிப்பு வந்த பிறகு, ஆளும் கட்சி அதே மாதத்திலே தேர்தலையும் வைத்தது. பொதுப் பாட்டுக்குக் கட்சிச் சாயம் ஏறியது. டிசம்பர் 3 இரவு, ஹோப் சாலையிலிருந்த அவன் வீட்டுக்குள்ளே துப்பாக்கிகள் நுழைந்தன. மார்பை உரசிக் கையிலே பாய்ந்தது ஒரு குண்டு. மனைவி ரீட்டாவுக்குத் தலையிலே காயம். மேலாளர் டான் டெய்லர் உடலைப் பல குண்டுகள் துளைத்தன. எல்லோரும் உயிர் பிழைத்தது வியப்புதான்.

போகலாமா, போகாதிருக்கலாமா? போகாதே என்றுதான் நீயும் நானும் சொல்லியிருப்போம். இரண்டே நாள் கழித்து, கட்டுப்போட்ட கையோடு மேடை ஏறினான்! தலைக்காயக் கட்டோடு மனைவியும் உடன் நின்றாள். பாடி முடித்து, காயத்தைக் கூட்டத்துக்குக் காட்டிவிட்டு நாட்டைவிட்டே வெளியேறினான். ஏறத்தாழ பதினாறு மாதம் கழித்து ஜமைக்கா மேடைக்குத் திரும்பியதுதான் முதலிலே சொன்ன அந்த இரவு. அந்த இசை விழாவுக்கு விதை போட்டவர்கள் யார் தெரியுமா? எதிரெதிர்க் கட்சிகளின் துப்பாக்கிக்காரர்கள் இருவர்! சிறையிலே ஒன்றாக அடைபட்டபோதுதான், மாளுவதெல்லாம் தங்கள் ஆட்களே என்பது அவர்களுக்குப் புரிந்தது.

கைகள் சேர்ந்தன. துப்பாக்கிகள் ஓய்ந்தனவா? இல்லை, தம்பி. அந்த இருவருமே 1980 முடிவதற்குள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1980 தேர்தல் ஆண்டிலே ஏறத்தாழ 800 உயிர்கள் போயின. சமாதானம் பாட்டோடு முடிந்துவிடும் காரியமல்ல.

அதே 1980 ஏப்ரலிலே ஜிம்பாப்வே விடுதலை விழாவுக்குத் தன் செலவிலேயே இசைக்கருவிகளைக் கொண்டுபோனான். வெளியே நின்ற மக்கள் உள்ளே வர முண்டியடித்தார்கள். போலீசார் கண்ணீர்ப்புகை வீசினார்கள். புகை மேடைவரை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மீண்டும் பாடினான். மறுநாள், உள்ளே வரமுடியாமற்போனவர்களுக்காக இன்னொரு முறை பாடினான்.

எல்லாவற்றிலும் அவனை மெச்சுகிறேனா என்றால், இல்லை. எத்தியோப்பியப் பேரரசரைத் தெய்வமென்று போற்றிய ரஸ்தஃபாரி நெறியிலே ஊறியவன் அவன். ஆப்பிரிக்க அரசன் ஒருவனிலே தங்கள் மானத்தைக் கண்ட அடிமைப் பரம்பரையின் ஏக்கம் புரிகிறது. மன்னனைத் தெய்வமாக்கியதை ஏற்க மனம் வரவில்லை. 1974-ல் அந்தப் பேரரசரை அவர் நாட்டுப் படையினரே அரியணையிலிருந்து இறக்கினார்களே! 1977-ல் கால் கட்டைவிரலிலே புற்றுநோய். விரலை எடுத்துவிடலாம் என்றார்கள் மருத்துவர்கள். அவன் இசையவில்லை. உடலை வெட்டலாகாது என்ற சமய நம்பிக்கை ஒரு காரணம். நோய் உடலெங்கும் பரவியது. 1981 மே 11-ல் மியாமி மருத்துவமனையிலே மறைந்தான். வயது முப்பத்தாறு!

மே 21-ல் கிங்ஸ்டனிலே அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு. இரங்கலுரை ஆற்றியவர் சியாகா. அப்போது பிரதமர் அவர். எதிர்க்கட்சித் தலைவராகியிருந்தார் மான்லி. வழிநெடுகிலும் மக்கள் நிற்க, உடல் நைன் மைல் மலைக்குப் போயிற்று. அவன் வாசித்த கிதாரையும் கூடவே வைத்துப் புதைத்தார்கள்.