கோட்டில் விழுந்த பள்ளம்



எங்க ஊரு ஜவ்வாது மலையில் காவலூருக்குப் பக்கம். குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். எங்க களத்தில் நின்றால் தூரத்தில் வெள்ளையாக ஒரு கூண்டு தெரியும். சின்ன வயசில் அதைத் தண்ணீர்த் தொட்டி என்றே நினைத்திருந்தேன். அதற்குப் பின்னால் வைணு பாப்பு என்றொரு விஞ்ஞானி இருந்தார் என்பதே பாலிடெக்னிக் வந்த பிறகுதான் தெரிந்தது.

1927-ல் சென்னையில் பிறந்தவர். அப்பாவுக்கு ஹைதராபாத் நிஜாமியா வான் ஆய்வகத்தில் வேலை. மகனும் கல்லூரி நாளிலேயே ஒளி கூடிக் குறையும் நட்சத்திரங்களைக் கவனித்துக் கட்டுரை எழுதினார். நேரம் படுக்கை அச்சில், ஒளி செங்குத்து அச்சில்: நாம் லேபில் பைதானில் போடுகிற அதே கோட்டு வரைபடம்தான். அந்தக் காலத்தில் கையால் போட்டார்கள், அவ்வளவே வித்தியாசம்.

ஹார்வர்டில் படிக்கும்போது 1949-ல் ஒரு வால்மீனைக் கண்டுபிடித்தார். அமெரிக்காவிலேயே தங்கியிருக்கலாம், திரும்பி வந்துவிட்டார். 1960-ல் கொடைக்கானல் ஆய்வகத்தின் இயக்குநர் ஆனார். அங்கே மேகத் தொல்லை. இருட்டான வானம் தேடித்தான் எங்க மலைக்கு வந்தார். 1968-ல் 38 செ.மீ. தொலைநோக்கி, 1972-ல் ஒரு மீட்டர் தொலைநோக்கி என்று காவலூர் வளர்ந்தது.

1977 மார்ச் 10 இரவு. யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்தின் குறுக்கே வர இருந்தது. பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் நட்சத்திர ஒளியைப் பதிவு செய்தார்கள். கிரகம் நெருங்குவதற்கு முன்னாடியே ஒளி சில விநாடி இறங்கி, மறுபடி ஏறியது. புது நிலவு என்றுதான் முதலில் நினைத்தார்கள். மற்ற இடங்களிலும் அப்படிப் பள்ளங்கள் விழுந்திருந்தன. அவை நிலவு அல்ல, யுரேனஸைச் சுற்றிய வளையங்கள்! பாப்புவும் பட்டாச்சார்யாவும் காவலூர்ப் பதிவை மறுபடி அலசி, அதே ஆண்டில் வளையங்களைப் பற்றி எழுதினார்கள்.

இதைப் படித்துவிட்டு நானும் ஒரு பரிசோதனை செய்து பார்த்தேன். விநாடிக்கு ஒரு எண்ணாகத் தட்டி, நடுவில் எட்டு விநாடி மட்டும் ஒளியைப் பாதியாக்கினேன். கோடு வழவழன்னு வரட்டுமே என்று நிமிடத்துக்கு ஒரு சராசரி எடுத்தேன். ஏழு சதவீதம்கூட இறங்கவில்லை! அழகு பார்க்கப் போய் வளையத்தையே அழித்துவிட்டேன். சராசரி எடுத்த அந்த ஒரு வரியை நீக்கினேன், பள்ளம் வந்துவிட்டது.

1979-ல் உலக வானியலாளர் சங்கத்தின் தலைவர் பதவியும் பாப்புவைத் தேடி வந்தது. ஆனால் அவர் ஆசைப்பட்டது 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு, அதுவும் நம் நாட்டிலேயே செய்ததற்கு. வேலை முடியவில்லை. 1982 ஆகஸ்டில், 55 வயதில், ஜெர்மனியின் மியூனிக் நகரில் காலமானார். 1986-ல் அந்தத் தொலைநோக்கியைத் திறந்தபோது அவர் பெயரையே வைத்தார்கள். எங்க களத்திலிருந்து தெரியும் வெள்ளைக் கூண்டு அதனுடையதுதான்.